எக்கோ நல்லா இருக்கு, அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?

கல்லீரல் தழும்பாகி இறுகிவிடும் சிரோசிஸ் நோய் வந்தவர்களின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் பார்த்தால் பெரும்பாலும் குறை சொல்லவே தோன்றாது. இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு, 65 என்று இருக்கும், சில பேருக்கு 70 என்றுகூட இருக்கும், கடைசி வரியில் இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) நன்றாக இயங்குகிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். என் அண்ணனுக்கும் அப்படித்தான் வந்தது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அது தழும்பாகி, சிரோசிஸ் வரைக்கும் போன ஆள். குடிப்பழக்கம் கிடையாது, சர்க்கரை உண்டு, உடம்பு கொஞ்சம் பருமன். ரிப்போர்ட்டில் இருந்த இதயம் என்னமோ இளவட்டத்தின் இதயம் மாதிரி இருந்தது, ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். வயிற்றில் நீர் கோத்திருந்தது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. நீரை எடுத்துவிட்ட பிறகும் படி ஏறும்போது அதே கதைதான்.

அதிலிருந்து இதைப் பற்றிப் படிப்பதும், பார்க்கிற டாக்டர்களையெல்லாம் நச்சரிப்பதும் என் வேலையாகிவிட்டது. நான் மருத்துவம் படித்தவன் இல்லை, அதனால் இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: சிரோசிஸ் இருப்பவரைப் படுக்க வைத்து எடுக்கும் எக்கோ அந்த இதயத்தின் உண்மையான தெம்பைக் காட்டாது. அது தடுமாறுவது பளு ஏறும்போதுதான், அந்தப் பளுவை ஏற்றுவதோ பல சமயம் நாம் கொடுக்கிற சிகிச்சையேதான்.

ஏன் இப்படி என்பதற்குக் கல்லீரலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். குடலிலிருந்து வரும் ரத்தம் எல்லாம் போர்ட்டல் நாளம் வழியாகக் கல்லீரலுக்குள் போய்த்தான் இதயத்துக்குத் திரும்பும். கல்லீரல் முழுக்கத் தழும்பாகிவிட்டால் உள்ளே வழி அடைபடும், போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறும். இந்த அழுத்தத்துக்குப் பதிலாக வயிற்றுப் பகுதி ரத்தக்குழாய்கள் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்களைச் சுரந்து விரிந்துகொண்டே போகின்றன. இருக்கிற ரத்தத்தில் ஒரு பெரும் பங்கு அங்கேயே தேங்கிவிடுகிறது. கழுத்திலும் மார்பிலும் இருக்கும் அழுத்த உணரிகளுக்கு ரத்தம் குறைந்துவிட்டது போலத் தெரிகிறது. உடனே சிறுநீரகத்துக்கு உத்தரவு போகிறது: உப்பை விடாதே, நீரை விடாதே. இதயத்துக்கும் போகிறது: வேகமாக அடி. கால் வீக்கமும் வயிற்று நீரும் இந்த வழியில் வருபவைதான். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளும் இதயம் இந்த நிலைமையில் 7, 8 லிட்டர் தள்ளிக்கொண்டிருக்கும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே.

இவ்வளவு தள்ளுகிற இதயத்துக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும். விஷயம் எங்கே இருக்கிறது என்றால், ரத்தக்குழாய்கள் எல்லாம் விரிந்து கிடப்பதால் எதிர்ப்பே இல்லை. திறந்துவிட்ட குழாயில் எந்த மோட்டாரும் நன்றாகத்தான் ஓடும். மூன்றாவது மாடித் தொட்டிக்கு ஏற்றும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். இ.எஃப். என்ற எண்ணும் அந்த எதிர்ப்பைப் பொறுத்ததுதான். எதிர்ப்பு குறைந்தால் அது தானாக உயர்ந்து நிற்கும்.

சிரோசிஸில் இதயம் அதிகமாக ரத்தம் தள்ளுகிறது என்பதை கோவால்ஸ்கியும் ஏபல்மேனும் 1953-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். அவர்கள் பார்த்தவர்கள் குடியால் ஈரல் கெட்டவர்கள். அதனாலோ என்னவோ, இந்த நோயாளிகளின் இதயத்தில் எந்தக் கோளாறு தெரிந்தாலும் ரொம்ப காலத்துக்கு அது குடியின் மேலேயே போடப்பட்டது. ஒரு சொட்டு தொடாதவர்களுக்கும், பித்தநாள அடைப்பால் ஈரல் கெட வைத்த எலிகளுக்கும் அதே கோளாறு வந்ததைப் பார்த்த பிறகுதான் இது ஈரல் நோயின் கூடவே வரும் தனிச் சங்கதி என்று ஒத்துக்கொண்டார்கள். இதற்குப் பெயர் சிரோட்டிக் கார்டியோமயோபதி. 2005-ல் மான்ட்ரியலில் நடந்த உலக இரைப்பை குடலியல் மாநாட்டில் முதல் அளவுகோல்களை வகுத்தார்கள். எக்கோ கருவிகள் முன்னேறிய பிறகு அவை பழசாகிப்போனதால் 2020-ல் ஒரு பன்னாட்டுக் குழு அவற்றை மாற்றி எழுதியது.

குடிக்காதவருக்குச் சிரோசிஸ் என்றாலே சுற்றி இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதோடு இதயக் கோளாறும் என்றால் சொல்லவே வேண்டாம். அந்தப் பார்வையை அண்ணன் நிறைய வாங்கியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் சேர்த்துத்தான். சரி, அது வேறு புலம்பல்.

இதயத் தசையில் என்னதான் நடக்கிறது? அட்ரினலின் வந்து உட்காரும் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றனவே, அவை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓயாமல் தட்டப்பட்டு எண்ணிக்கையில் குறைந்துவிடுகின்றன, இருப்பவையும் மரத்துப்போகின்றன. ஓடு என்று உத்தரவு வந்தால் சாதாரண இதயம் சட்டென்று வேகமெடுக்கும், இந்த இதயம் எடுக்காது. செல் சவ்வின் தன்மை மாறுகிறது, ரத்தத்தில் தங்கிவிடும் பித்த அமிலங்களும் அழற்சிப் பொருள்களும் தசை சுருங்கும் விசையைக் குறைக்கின்றன, சுவர் கொஞ்சம் தடித்து விறைக்கிறது. விறைத்த இதயத்துக்குச் சுருங்குவதைவிட விரிவதுதான் முதலில் கஷ்டம். ரத்தம் உள்ளே வரும்போது இடம் கொடுக்காமல் முரண்டு பிடிக்கும், அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகும், மூச்சு வாங்கும். எக்கோவில் சுருங்குவதை மட்டும் பார்த்துவிட்டு 65 சதவீதம் என்று எழுதினால் இது எதுவுமே அகப்படாது.

அதனால் ரிப்போர்ட்டில் இ.எஃப். தவிர வேறு நான்கு எண்களைத் தேடக் கற்றுக்கொண்டேன். எங்களுக்குப் பொறுமையாக விளக்கிய ஒரு இளம் எக்கோ டாக்டர் பேனாவால் வட்டம் போட்டே காட்டினார். இதயத் தடுப்புச் சுவர் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று பார்ப்பார்கள், அது விநாடிக்கு 7 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சுவர் விறைத்திருக்கிறது என்று சந்தேகம். உள்ளே வரும் ரத்தத்தின் வேகத்துக்கும் இந்தத் தளர்ச்சிக்கும் உள்ள விகிதம் 15 அல்லது அதற்கு மேல் போகக் கூடாது. இடது மேலறையின் கொள்ளளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டரைத் தாண்டியிருந்தால், கீழறை நாள்பட இடம் கொடுக்காமல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். மூவிதழ் வால்வில் ஒழுகும் ரத்தத்தின் வேகம் விநாடிக்கு 2.8 மீட்டருக்கு மேல் இருந்தால் நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறியிருக்கலாம். புதிய அளவுகோலின்படி நான்கில் மூன்று சேர்ந்தால் விரிவதில் கோளாறு என்று முடிவு செய்கிறார்கள். சுருங்குவதற்கு, இ.எஃப். 50 அல்லது அதற்குக் கீழே போனால் கோளாறுதான். இ.எஃப். நன்றாக இருந்தாலும் ஸ்ட்ரெயின் என்ற அளவு 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதுவும் கோளாறுதான். ஸ்ட்ரெயின் என்பது தசை நார் நீளவாட்டில் எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்று மென்பொருள் வைத்து அளப்பது. எல்லா இடத்திலும் எடுப்பதில்லை, சீட்டில் எழுதிக் கேட்டால்தான் எடுப்பார்கள்.

அண்ணனுக்கு இந்த நான்கில் இரண்டு எல்லையைத் தாண்டியிருந்தன. மேலறை பெரிதாகியிருந்தது, சுவர் தளரும் வேகம் 6 சொச்சம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் சுருக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாம் பக்கத்து அட்டவணையில்தான் கிடந்தது. கணக்குப்படி இரண்டு போதாது, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்ற நிலைமைதான். ஆனாலும் எங்கள் கல்லீரல் டாக்டர் அதைப் பார்த்ததும் ஃபைலில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார், அதன் பிறகு டிரிப் ஏற்றும் வேகத்தைப் பற்றி நர்ஸிடம் தனியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

இசிஜி விஷயம் இதைவிட எளிது, ஆனால் இதைவிட அதிகமாகக் கோட்டைவிடப்படுவது. சிரோசிஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு க்யூ.டி. இடைவெளி நீண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்சார ரீதியில் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் அதில் அடங்கும். அது ரொம்ப நீண்டால் விபரீதமான தாளக்கேடு வரலாம். நாடித் துடிப்புக்கு ஏற்றபடி அந்த எண்ணைத் திருத்திப் போடுவார்கள். வழக்கமாக மெஷின் பயன்படுத்தும் பாசெட் சூத்திரம் துடிப்பு வேகமாக இருக்கும்போது எண்ணைக் கூட்டிக் காட்டும். சிரோசிஸ் காரர்களுக்குத் துடிப்பு இயல்பாகவே வேகம் என்பதால் ஃப்ரெடரிசியா சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள்.

நடைமுறையில் கவலைப்பட வேண்டியது மருந்துகளைப் பற்றி. சளி, காய்ச்சலுக்கு எழுதும் அசித்ரோமைசின், சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்று நீரில் தொற்று வராமல் தடுக்கவும் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை, வாந்திக்கு ஒண்டான்செட்ரான், டோம்பெரிடோன், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், குழப்பத்தில் கத்துகிறவரை அமைதிப்படுத்த ஹாலோபெரிடால், இவை எல்லாமே க்யூ.டி.யை நீட்டக்கூடியவை. தனித்தனியாக ஒவ்வொன்றும் நியாயமான மருந்துதான். நீர் மாத்திரையால் பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கியிருக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று சேர்ந்து விழும்போதுதான் சிக்கல். அதுவும் ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு டாக்டர். அண்ணி ஒரு வேலை செய்தார்: அண்ணனின் கடைசி இசிஜியை போட்டோ எடுத்து, மருந்துப் பட்டியலோடு சேர்த்துப் போனில் முதல் படமாக வைத்துவிட்டார். பல் டாக்டராக இருந்தாலும் சரி, முதலில் அதை நீட்டுவார். டாக்டர்களுக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணி அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

இனி பீட்டா பிளாக்கர், அதாவது முன்னே சொன்ன பீட்டா ஏற்பிகளை அடைத்து இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை வகை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும், அதே நேரத்தில் பயம் தரும் பகுதியும் இதுதான். 1980-ல் பாரிஸில் டிடியே லெப்ரெக்கும் அவர் குழுவும் இந்த வகையைச் சேர்ந்த ப்ரோப்ரனலால் மாத்திரை போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அடுத்த வருடமே, உணவுக்குழாய் நாளங்கள் வெடித்து ரத்தம் கக்கியவர்களுக்கு மறுபடி கக்காமல் இது தடுக்கிறது என்ற ஆய்வும் வந்தது. இதய மாத்திரை ஒன்று ஈரல் மாத்திரை ஆனது அப்படித்தான். இன்றைக்கும் ப்ரோப்ரனலால், அல்லது அதைவிட அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும் கார்வெடிலால், சிரோசிஸ் சிகிச்சையில் முக்கியமான மாத்திரை. 2019-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு, வயிற்றில் நீர் கோப்பதற்கு முன்பே ஆரம்பித்தால் அந்தக் கட்டத்தையே தள்ளிப்போட முடியும் என்று காட்டியது.

2010-ல் அதே பாரிஸ் குழு, அதே லெப்ரெக்கின் பெயரும் சேர்ந்து, இன்னொரு கட்டுரை வெளியிட்டது. நீர் மாத்திரைக்கும் கட்டுப்படாமல் வயிற்று நீர் திரும்பத் திரும்பக் கோக்கும் நோயாளிகளில், பீட்டா பிளாக்கர் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள் என்று. தான் கொண்டுவந்த மருந்தைப் பற்றித் தானே இப்படி எழுத ஒரு மனசு வேண்டும். பெரிய சச்சரவு ஆனது. பிறகு வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லின. இப்போது இருக்கும் புரிதல் இதுதான்: நடுக் கட்டத்தில் இந்த மாத்திரை உயிர் காக்கும். நோய் முற்றி ரத்தக்குழாய்கள் ரொம்ப விரிந்துபோன கட்டத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதே இதயம் வேகமாக அடிப்பதால்தான், அப்போது அந்த வேகத்தையும் மாத்திரை போட்டுப் பிடித்துவைத்தால் சிறுநீரகம் படுத்துவிடும். மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனால், சோடியம் மிகவும் இறங்கினால், சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறினால் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்வார்கள், நிலைமை தேறினால் திரும்ப ஆரம்பிப்பார்கள்.

வீட்டில் செய்ய முடிந்தது இங்கே ஒன்று உண்டு. காலையில் மாத்திரைக்கு முன்னால் பிபி பார்த்து ஒரு நோட்டில் எழுதுவது. அண்ணனுக்கு 104, 102, 98 என்று இறங்கிக்கொண்டே வந்ததை டாக்டரிடம் காட்டியபோது அவர் கார்வெடிலாலை 12.5 மில்லிகிராமிலிருந்து 6.25-க்குக் கொண்டுவந்தார். ரொம்ப வருடமாக பிபிக்கு மாத்திரை சாப்பிட்ட மனிதர் அண்ணன். சிரோசிஸ் முற்ற முற்ற அது தானாக நார்மலுக்கு வந்தது. "ஏண்டா, ஈரல் போனாலும் பிபி சரியாயிடுச்சு பாரு" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். விரிந்த ரத்தக்குழாயின் வேலைதான் அதுவும். அந்த நேரத்தில் பழைய பிபி மாத்திரை பட்டியலில் அப்படியே தொடர்ந்துகொண்டிருந்தால் ஆபத்து. ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகளை வயிற்றில் நீர் கோத்தவுடன் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் சிறுநீரகம். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான்.

வயிற்று நீர் எடுக்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாயைச் செருகி, பாட்டிலில் வடியவிடுவார்கள். இளமஞ்சள் நீர். இரண்டு லிட்டர் போனதுமே அண்ணன் முகம் தெளியும். வயிற்றின் அழுத்தம் குறைந்ததும் இதயத்துக்கு ரத்தம் நன்றாகத் திரும்பும் என்பதால் அந்த முதல் சில மணி நேரம் இதயத்துக்கும் நிம்மதிதான். அதற்குப் பிறகுதான் ஆட்டம். ரத்தக்குழாய்கள் மேலும் விரிந்து ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம் பாதிக்கப்படும். இதைத் தடுக்கத்தான் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் என்பது கணக்கு. 8 லிட்டர் எடுத்தால் 48 முதல் 64 கிராம், அதாவது 20 சதவீத ஆல்புமின் 100 மில்லிலிட்டர் பாட்டில் மூன்று.

இந்த மூன்று பாட்டிலை எவ்வளவு நேரத்தில் ஏற்றுகிறார்கள் என்பதுதான் விறைத்த இதயத்துக்கு முக்கியம். ஆல்புமின் வெளியிலிருந்து நீரை ரத்தக்குழாய்க்குள் இழுக்கும். 100 மில்லி போனால் ரத்தத்தில் சேரும் அளவு அதைவிடப் பல மடங்கு. இடம் கொடுக்காத இதயத்துக்கு அது வேகமாக வந்தால் மிச்சம் நுரையீரலில் போய் நிற்கும். 2021-ல் பிரிட்டனில் நடந்த அட்டையர் ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த சிரோசிஸ் நோயாளிகளுக்கு ஆல்புமின் அளவை உயர்த்திப் பிடிப்பதற்காகத் தினமும் ஏற்றிப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை, நுரையீரல் நீர்க்கோப்புதான் கூடியது. நீர் எடுத்த பிறகு கொடுக்கும் ஆல்புமினுக்கு இது பொருந்தாது, அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஏற்ற ஏற்ற நல்லது என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வு ஒரு முட்டுக்கட்டை. ஒருமுறை மூன்றாவது பாட்டில் போய்க்கொண்டிருக்கும்போது அண்ணன் தலையணையைத் தூக்கி வைக்கச் சொன்னார், கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார், கழுத்தில் நரம்பு காது வரைக்கும் புடைத்துத் தெரிந்தது. நர்ஸ் ஓடி வந்து டிரிப்பை மூடினார், டாக்டர் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூசமைட் ஊசி போடச் சொன்னார், ஒரு மணி நேரத்தில் சரியானது. படுக்க முடியவில்லை என்று நோயாளி சொன்னால் அதை அலுப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் கொடுக்கும் டெர்லிப்ரெசின் ஊசியும் இதே ரகம். அது விரிந்த குழாய்களைச் சுருக்கும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும், ஆனால் இதயத்துக்கு எதிரே அதுவரை இல்லாத எதிர்ப்பு திடீரென்று எழும்பி நிற்கும். 2021-ல் வெளியான கன்ஃபர்ம் ஆய்வில் சிறுநீரகம் மீண்டவர்கள் கூடினார்கள், மூச்சுத் திணறலால் இறந்தவர்களும் கூடினார்கள். அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கொடுத்தபோது இந்த எச்சரிக்கையைப் பெட்டி கட்டிப் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

டிப்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. கழுத்து வழியாகப் போய்க் கல்லீரலுக்குள் ஒரு ஸ்டென்ட் வைத்து, போர்ட்டல் ரத்தத்தை நேராகப் பெரிய சிரைக்குத் திருப்பிவிடுவது. வயிற்று நீர் தீராதவர்களுக்கு வரப்பிரசாதம். அதுவரை வயிற்றில் தேங்கியிருந்த ரத்தம் எல்லாம் ஒரேயடியாக இதயத்தின் வலது பக்கம் வந்து இறங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தாங்குகிற இதயம் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தாங்காதது சோர்ந்துவிடும். அதனால்தான் ஏற்கெனவே இதயச் செயலிழப்போ, நுரையீரல் நாளத்தில் கடுமையான அழுத்தமோ இருப்பவர்களுக்கு டிப்ஸ் வைப்பதில்லை.

மூச்சு வாங்குவது எல்லாமே இதயம் என்றும் நினைத்துவிட முடியாது. ஈரல் நோயில் நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்துபோய் ரத்தம் ஆக்சிஜனை முழுசாக வாங்காமலேயே ஓடிவிடும் நிலைமை ஒன்று உண்டு. விசித்திரம் என்னவென்றால் இதில் படுத்தால் மூச்சு நன்றாக இருக்கும், எழுந்து உட்கார்ந்தால் ஆக்சிஜன் இறங்கும், இதயக் கோளாறுக்கு நேர்மாறு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்துப் படுத்தும் நின்றும் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். உறுதி செய்ய, கலக்கிய உப்புநீரின் நுண்குமிழிகளைக் கைச் சிரையில் செலுத்திக்கொண்டே எக்கோ எடுப்பார்கள். மூன்று துடிப்பு கழித்து இடது பக்கம் குமிழி தெரிந்தால் நுரையீரலில் கசிவு. இதற்கு நேரெதிராக நுரையீரல் நாளங்கள் இறுகி அழுத்தம் ஏறும் நோயும் உண்டு. முதலாவதைக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை பெரும்பாலும் குணமாக்கும். இரண்டாவதில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் அந்த அறுவை சிகிச்சையே உயிருக்கு ஆபத்து, முதலில் மருந்தால் அழுத்தத்தை இறக்கியாக வேண்டும்.

மாரடைப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சிரோசிஸ் இருந்தால் கொலஸ்டிரால் குறைவு, பிபி குறைவு, அதனால் மாரடைப்பு வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். குடியும் மஞ்சள் காமாலை வைரஸும் பெரும் காரணமாக இருந்த காலம் அது. இப்போது வருகிறவர்களில் பலர் அண்ணனைப் போலச் சர்க்கரையும் பருமனும் சேர்ந்து ஈரல் கெட்டவர்கள். ஈரலைக் கெடுத்த அதே காரணங்கள் இதயத் தமனிகளையும் விட்டுவைப்பதில்லை. கொழுப்பு ஈரல் உள்ளவர்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் அவர்களைக் கொல்வதில் முதலிடம் இதய நோய்க்குத்தான், ஈரலுக்கு இல்லை. சிரோசிஸ் வரை போன பிறகுதான் ஈரல் முந்துகிறது. இருந்தும் ஈரல் நோய் என்று கேட்டதுமே கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஈரல் சமாளித்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் ஸ்டாட்டின் பாதுகாப்பானதுதான். முற்றிய கட்டத்தில்தான் அளவு விஷயம், சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் தசைச் சிதைவு வந்ததால் அந்த அளவைத் தவிர்க்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து இன்னொரு தலைவலி. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் சிரோசிஸில் தானாகவே ஏறியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு இவருக்கு ரத்தம் ஏற்கெனவே நீர்த்திருக்கிறது, ரத்தக்கட்டி வராது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உறைய வைக்கும் புரதங்களையும் உறையாமல் காக்கும் புரதங்களையும் ஒரே ஈரல்தான் செய்கிறது, இரண்டுமே குறைந்திருக்கும். ஐ.என்.ஆர். ஒரு பக்கத்தை மட்டும்தான் அளக்கும். மேலறைத் துடிப்பு தாறுமாறாகிவிட்டால் ரத்தக்கட்டி பயம் இவர்களுக்கும் உண்டு. எந்த மருந்து என்பது ஈரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உதாரணமாக ரிவரோக்சபானை நடுக் கட்டத்திலேயே தவிர்க்கச் சொல்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு வார்த்தை. சில சமயம் இதயம்தான் மூலம், ஈரல் அதற்குப் பலி. இதயத்தின் வலது பக்கம் சோர்ந்துபோனால் ரத்தம் பின்னுக்குத் தேங்கி ஈரல் வீங்கும், நாளாக ஆகத் தழும்பாகும். இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போனவர்கள் சிரோசிஸ் என்ற பெயரில் நீர் எடுத்துக்கொண்டே இருந்த கதைகள் மருத்துவப் புத்தகங்களில் நிறைய. எடுத்த நீரில் புரதம் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல் இருந்தால், கழுத்து நரம்பும் புடைத்திருந்தால், டாக்டர்களின் பார்வை இதயத்தின் பக்கம் திரும்பும். பிறவி இதயக் கோளாறுக்கு பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபோன்டான் 1968-ல் முதலில் செய்த அறுவை சிகிச்சையால் பிழைத்து வளர்ந்தவர்களுக்கும் பல வருடம் கழித்து ஈரல் தழும்பாவது தெரிந்த விஷயம்.

கல்லீரல் மாற்றுக்காகப் பெயர் கொடுத்தவர்களுக்கு இதயப் பரிசோதனை ஒரு தனித் தேர்வு. டோபுடமின் மருந்தை ஏற்றி இதயத்தை ஓட வைத்து எக்கோ எடுப்பார்கள். 220-லிருந்து வயதைக் கழித்து அதில் 85 சதவீதம் வரைக்கும் துடிப்பு ஏற வேண்டும், 60 வயதுக்காரருக்கு 136. ஏற்பிகள் மரத்துப்போனவர்கள், பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் பலருக்கு அது 110-லேயே நின்றுவிடும். அப்போது ரிப்போர்ட்டில் கோளாறு தெரியவில்லை என்று இருந்தாலும் அது பாஸ் ஆனது ஆகாது, தேர்வே முழுசாக நடக்கவில்லை. அடுத்து சி.டி. ஸ்கேன் அல்லது ஆஞ்சியோகிராம் என்று போவார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான் நின்றுபோய், கை வழியாக ஆஞ்சியோ எடுத்தார்கள். தமனிகளில் பெரிய அடைப்பு இல்லை.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் அறுவை சிகிச்சையின் ஒரு குறிப்பிட்ட நிமிடம். புது ஈரலைத் தைத்து முடித்துக் கவ்வியை எடுத்ததும், குளிரில் வைத்திருந்த அந்த ஈரலிலிருந்து குளிர்ந்த, அமிலமும் பொட்டாசியமும் கூடிய ரத்தம் நேராக இதயத்துக்கு வரும். சிலருக்கு அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியும், துடிப்பு தடுமாறும். மயக்க மருந்து டாக்டர்கள் இதற்கென்றே மருந்துகளை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருப்பார்கள்.

அது தாண்டியதும் எல்லாம் சரி என்று இல்லை. புது ஈரல் வேலை செய்ய ஆரம்பித்ததும் விரிந்திருந்த ரத்தக்குழாய்கள் மெல்லப் பழைய இறுக்கத்துக்கு வரும், இத்தனை வருடம் எதிர்ப்பே இல்லாமல் ஓடிய இதயம் முதல்முறையாக நிஜமான பளுவைச் சுமக்கும். முதல் சில வாரங்களில் மூச்சுத் திணறல் வருகிறவர்கள் உண்டு. அதைத் தாண்டினால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் பலருக்கு இதயத்தின் விறைப்பு குறைகிறது, சுமார் பாதிப் பேருக்கு க்யூ.டி. திரும்பி நார்மலுக்கு வருகிறது. கூடவே டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்புச் சக்தி அடக்கும் மருந்துகளால் சர்க்கரையும் பிபியும் ஏறும். எங்களோடு ஒரே வார்டில் இருந்து, மாற்று அறுவை சிகிச்சை முடிந்து போனவர் ஒருவர் அடிக்கடி போன் செய்வார். ஈரல் பிரமாதமாக இருக்கிறதாம், வருடக்கணக்கில் இல்லாத பிபி மட்டும் 150-க்குத் திரும்பிவிட்டதாம், ஆம்லோடிபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.